வீட்டில் சொல்லாமல் வந்தவள்

“போனை சைலன்ட்ல போட்டுட்டு உட்காருங்க” என்றார் மேலாளர். குரலில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் கண்டிப்பு.

மாணவி கைப்பைக்குள் துழாவினாள். அளவு டேப், பென்சில், ரப்பர், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் எல்லாம் மேசைக்கு வந்த பிறகு, கடைசியாகப் போன் அகப்பட்டது.

அது பொம்மைகள் தயாரிக்கும் கம்பெனி. அறை முழுக்கச் சக்கரம் மாட்டாத கார்களும் கண் வைக்காத கரடிகளும் கிடந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் மேலாளரும், தலைமை வடிவமைப்பாளரான தாடிக்காரரும். இன்டர்ன்ஷிப் கேட்டு வந்த வரைபடங்களைப் பார்த்து ஆட்களைக் கூப்பிட்டது தாடிக்காரர்தான். யாரைக் கூப்பிட்டிருக்கிறார் என்பது கதவு திறந்த பிறகுதான் மேலாளருக்கே தெரிந்தது.

“சார், இவங்களுக்கு நீங்க மட்டும் மார்க் போடுங்க. நான் கேள்வி மட்டும் கேக்கறேன்.”

“ஏன் மேடம்?”

“அப்புறம் சொல்றேன்.”

மாணவி கூரையில் சுற்றிய ஃபேனை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

“ஃபர்ஸ்ட் இயர்தானே நீங்க? காலேஜ்ல சேர்ந்து ஒரு செமஸ்டர்கூட முடியல. அதுக்குள்ள இன்டர்ன்ஷிப்புக்கு என்ன அவசரம்?”

“அவசரம்தான் மேடம். கிளாஸ்ல மத்தவங்களுக்கு எல்லாம் டைம் இருக்கு. எனக்கு இப்பவே ஆரம்பிச்சாத்தான் ஆகும்.”

“எங்க கம்பெனியை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?”

“நான் எங்க மேடம் தேர்ந்தெடுத்தேன்? நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்ல. பாதிப் பேர் வாசல்லயே என்னைப் பார்த்துச் சிரிச்சு அனுப்பிட்டாங்க. இங்கதான் உட்காரச் சொல்லியிருக்கீங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கைப்பையின் வாரைப் பிடித்திருந்த விரல்கள் இறுகியதை மேலாளர் கவனித்தார். அடுத்த கேள்வி கொஞ்சம் இறங்கி வந்தது.

“வீட்ல தெரியுமா?”

“காலையில வரைக்கும் தெரியாது மேடம். இப்ப தெரிஞ்சிருக்கும்.”

தாடிக்காரர் சிரித்துவிட்டார். “ஏம்மா சொல்லல?”

“சொன்னா கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிடுவாங்க சார். இப்படி உட்காரு, அப்படிப் பேசாதேன்னு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.”

மேலாளர் இருமினார்.

“இந்த ஃபீல்டுல தெரிஞ்சவங்க, சிபாரிசு பண்றவங்க யாரும் இல்லையா?” என்றார் தாடிக்காரர்.

“ஒருத்தி இருக்கா சார். அவகிட்ட கேக்கறதும் செவுத்துகிட்ட கேக்கறதும் ஒண்ணு.”

மேலாளர் அவசரமாகக் குறுக்கிட்டார். “கம்ப்யூட்டர்ல வரையத் தெரியுமா?”

“நல்லா வரைவேன் மேடம். மூடறப்ப சேவ் பண்ணத்தான் மறந்துடறேன்.”

“எத்தனை தடவை சொல்...” என்று ஆரம்பித்த மேலாளர், “எத்தனை தடவை அப்படி ஆயிருக்கு?” என்று முடித்தார்.

தாடிக்காரர் ஒரு மர ரயிலை எடுத்து அவள் முன்னால் வைத்தார். “அடுத்த மாசம் கடைக்குப் போகப் போற பொம்மை. பார்த்துச் சொல்லுங்க.”

மாணவி ரயிலைத் தரையில் ஓட்டவில்லை. மோந்து பார்த்தாள். முன்பக்க விளக்கைச் சுரண்டினாள். சட்டைப் பொத்தான் அளவிலிருந்த அந்த விளக்கு கையோடு வந்துவிட்டது.

“இது நேரா வாய்க்குத்தான் போகும் சார்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“எங்க வீட்ல ஒரு குட்டி இருந்தாளே! எது கிடைச்சாலும் வாய்தான். ஒரு தடவை சட்டைப் பொத்தானை முழுங்கிட்டு, அது வெளிய வர்ற வரைக்கும் வீட்ல ஒருத்தருக்கும் தூக்கம் இல்ல. அவ மட்டும் நல்லா தூங்கினா.”

தாடிக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். மேலாளரின் காது மடல் சிவந்தது.

“பொம்மை வாங்கிக் கொடுத்தா உடனே பிரிச்சிடுவா சார். திரும்பச் சேர்க்கத் தெரியாம ஓன்னு அழுவா.”

“அழவெல்லாம் மாட்டா” என்றார் மேலாளர் வெடுக்கென்று. தாடிக்காரர் திரும்பிப் பார்த்ததும், “சின்னக் குழந்தைங்க அவ்வளவா அழாதுங்கன்னு சொன்னேன்” என்று தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டார்.

“இந்தக் குட்டி அழுவா மேடம். அழுதாத்தான் தூக்கி வச்சுப்பாங்கன்னு அவளுக்குத் தெரியும். நான் அட்டைப் பெட்டியில பஸ் செஞ்சு கொடுப்பேன். அதை மட்டும் பிரிக்க மாட்டா. பக்கத்துல வச்சுட்டுத் தூங்குவா. அப்பதான் எனக்கு இந்த ஆசை வந்துச்சு.”

மேலாளர் டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை. அதில் தண்ணீர் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

தாடிக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். “எனக்கு இதுக்கு மேல கேக்க ஒண்ணும் இல்ல. திங்கட்கிழமை வந்துடுங்கம்மா. ரயில் விளக்குதான் உங்க முதல் வேலை.”

மாணவி பென்சிலையும் டேப்பையும் பைக்குள் திணித்தாள். ஒன்று உள்ளே போனால் இன்னொன்று வெளியே விழுந்தது.

“அப்புறம், அந்தக் குட்டியையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க” என்றார் தாடிக்காரர். “இங்க பொம்மையெல்லாம் பிரிச்சுப் பார்க்க அப்படி ஒரு ஆள்தான் வேணும்.”

“நான் எதுக்கு சார் கூட்டிட்டு வரணும்? எனக்கு முன்னாடியே வந்து, உங்க பக்கத்துல உட்கார்ந்து, என்னையே கேள்வி கேட்டுட்டு இருக்கா!”

“போதும் அம்மா... மானத்தை வாங்காதே, வீட்ல வந்து பேசிக்கறேன்” என்று மேலாளர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.