காலையில் கிளம்பாத கார்

"தள்ளித்தான்யா கிளப்பினேன். இன்னொரு தடவை நின்னா வேற கடைதான்" என்று கார்க்காரர் சீறினார்.

மெக்கானிக்குக்கு மானம் போயிற்று. "சாவியை எடுத்தாலும் பாட்டு செட்டோட ஆம்ப்ளிஃபயர் அணையலீங்க. ராத்திரி பூரா பேட்டரியைக் குடிக்குது. நான் சரியா மாட்டின வயரை யாரோ மாத்தியிருக்காங்க."

"உன் வேலை லட்சணம், ஊர்மேல பழி" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

மெக்கானிக் வயரை மாற்றி மாட்டி, டேப்பும் சுற்றி முடித்தார். காரில் இருந்த கார்க்காரரின் மனைவி இறங்கி வந்தாள்.

"நான்தாண்ணே மாத்தினேன், போன தடவை நீங்க மாட்டுறதைப் பார்த்துக் கத்துக்கிட்டு."

"ஏம்மா?"

"எங்க வீட்டு மாடியில இருக்கிற கூடப்பொறந்த தம்பியோட இவரு பேசியே வருஷமாச்சு. வண்டி நின்னாத்தான், 'டேய், கொஞ்சம் தள்ளுடா'ன்னு கூப்பிடறாரு."

மெக்கானிக் டேப்பை உரித்து, வயரை அவள் மாட்டியிருந்த இடத்திலேயே மறுபடி மாட்டினார்.

கார்க்காரர் திரும்பி வந்தார். "என்னய்யா, சரியாச்சா?"

"ஆகிக்கிட்டே வருதுங்க."