எரியாத மரங்கள்

கோத்தகிரிச் சரிவின் தைலமரக் காட்டைப் பெருந்தீ தின்றுபோன பிறகு கம்பெனிக்காரர்கள் நட்ட புதுத் தைலமரங்கள் எரிவதில்லை. கொள்ளிக்கட்டையை வைத்தாலும் கருகுமே தவிரப் பற்றாது. அவற்றுக்குக் காவல்காரி தவமணி. ஓர் இலையைப் பறித்தாலும் வேலை போய்விடும், கம்பெனி குடியிருக்கக் கொடுத்த லைன் வீடும் போய்விடும். பன்னிரண்டு வருடமாக அவள் ஓர் இலையைத் தொட்டதில்லை. காட்டில் பழைய வாசம் இல்லைதான். கசக்காத இலை எப்படி மணக்கும் என்று இருந்துவிட்டாள்.

அன்று காலை புருஷன் ஞானசேகருக்கு மூச்சு இழுத்தது. மண்சரிவில் ஆஸ்பத்திரிப் பாதை அடைபட்டிருந்தது.

“தைல எலயப் போட்டு ஆவி புடிச்சாப் போதும், தவம். அந்தக் காலத்துல அதுலதான பொழச்சோம்.”

அவள் ஓடிப்போய் முதல் மரத்திலேயே கொத்தாக ஒடித்தாள். கம்பெனியின் கண்காணிப்புக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. “காவலர் தவமணி, மாலைக்குள் வீட்டைக் காலி செய்யவும்” என்றது அதன் ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல்.

“போடி போ!” என்றாள் தவமணி.

கொதிக்கும் பானையில் இலைகளைக் கசக்கிப் போட்டாள். ஞானசேகர் கம்பளியைப் போர்த்திக் குனிந்தான். ஓரத்தில் கசிந்த ஆவி அவள் முகத்தில் பட்டது. வெறும் வெந்நீர் ஆவி. கையை முகர்ந்தாள். புல்லைக் கசக்கியதுபோல் இருந்தது. பெருந்தீயில் பழைய காட்டைக் கொளுத்தியது இலையில் இருந்த தைலம்தான், அதை நீக்கிவிட்டுத்தான் இந்த மரங்களை உண்டாக்கியிருக்கிறார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கம்பளிக்குள்ளிருந்து அவன் குரல் இழுத்து இழுத்து வந்தது.

“தண்ணி நல்லாக் கொதிச்சிருச்சு புள்ள. எலய எப்பப் போடப்போற?”