ஏழாவது பாட்டில் ஒரு சிரிப்பு

ஈப்போவில் காலை பத்து மணி. மோட்டார் கடையின் மேல்மாடியில், முட்டை அட்டை ஒட்டிய அறைக்குள் நின்று, சுங்காயிலிருந்து பஸ் ஏறி வந்த புனிதா பாடுகிறாள். கையுறை ஆலையில் இரவு வேலை முடித்து வந்த என் விரல்களில் வெள்ளைப் பவுடர் ஒட்டியிருக்கிறது. ஆறு வருஷமாக முடியாத மெட்டல் இசை ஆல்பம் இது. ஒன்பது பேர் வந்து போன குழுவில் முதல் நாளிலிருந்து இருப்பது டிரம்ஸ் வாசிக்கும் நான் மட்டும்தான். முன்பு பாடிய கிருஷாந்தி குழுவையும் என்னையும் ஒரே நாளில் விட்டுப் போனாள். புனிதா பாடி முடித்ததும் பழைய பதிவிலுள்ள கிருஷாந்தியின் குரலை அழித்துவிடுவோம். ஏழாவது பாட்டில், தாளம் திரும்பும் இடத்தில் புனிதா உறுமிப் பாடுவதை நிறுத்திச் சிரிக்கிறாள். மூக்கில் தொடங்கித் தொண்டையில் உடையும் சிரிப்பு, அப்படியே கிருஷாந்தி. ஒலிப்பதிவு செய்யும் சுரேன் என்னைத் திரும்பிப் பார்க்கிறான். "ஏம்மா சிரிச்சே?" என்கிறேன். "பழைய பதிவுல அந்த அக்கா சிரிக்கிறாங்களே அண்ணே. பாட்டுல உள்ளதுன்னு ஒரு வாரமா வீட்டுல பழகுனேன். எங்கம்மா பயந்துட்டாங்க. சரியா வரலையா?" "வந்துச்சு." "வச்சுக்கலாம்லா மச்சான், நல்லா இருக்கு," என்கிறான் சுரேன். அன்று கிருஷாந்தி சிரித்தது நான் தாளம் தப்பியதற்கு. அந்த இடத்தைப் போன மாதம் தப்பில்லாமல் வாசித்துப் பதிந்துவிட்டேன். இப்போது அங்கே சிரிக்க ஒன்றும் இல்லை.