பாஸ்வேர்ட் சொல்லு!

இரண்டாவது விரலும் ஒடிந்த பிறகுதான் பென்னி வழிக்கு வந்தான்.

"சொல்லுதேன் அண்ணாச்சி... சொல்லுதேன். கையை விடுங்க."

மந்திரமூர்த்தி கையை விட்டான். தென்காசியில் அந்தக் கம்ப்யூட்டர் சென்டரின் ஷட்டரை உள்ளிருந்து இறக்கியாகிவிட்டது. லேபில் சர்வரிலிருந்து நாற்பது மெஷினிலும் ஒரே நேரத்தில் விண்டோஸ் ஏறிக்கொண்டிருக்க, அதை ஓடவிட்டு டீ குடிக்கப் போய்த் திரும்பிய சென்டர் ஊழியன் பென்னியை வாசலிலேயே மடக்கியிருந்தார்கள். வெளியே குற்றாலம் சீசன் கூட்டம்; ஹாரன் சத்தத்தில் யார் அலறினாலும் கேட்காது.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மந்திரமூர்த்தி ஒரு வியாபாரியை வெட்டியதை நேரில் பார்த்தவள் இசக்கிச்செல்வி ஒருத்திதான். நாளை கோர்ட்டில் அவள் சாட்சி. வீடு மாறி ஒளிந்திருந்தவள், படித்த கோர்ஸின் சர்டிபிகேட்டை அனுப்புவதற்காகப் புது விலாசத்தை இந்த சென்டருக்கு மட்டும் கொடுத்திருந்தாள். அது ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் பூட்டிக் கிடந்தது. கையில் கிடைத்தால் விடிவதற்குள் அவளை முடித்துவிடுவார்கள்.

"இதோட பாஸ்வேர்ட் ஓனருக்குத்தான் தெரியும். ஆனா சர்வர் வழியா உள்ள போலாம்," என்றான் பென்னி. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, எஃப் டுவெல்வ் அமுக்குங்க. பேரு, பாஸ்வேர்ட் கேக்கும். அது எனக்குத் தெரியும்."

மந்திரமூர்த்தி முத்துராஜைப் பார்த்தான். போன வருஷம்வரை இங்கே வேலை பார்த்துத் துரத்தப்பட்டவன், இன்று வழிகாட்ட வந்திருந்தான்.

"சரிதான் அண்ணாச்சி. மெஷின் மெஷினா உக்காந்து அந்தப் பாஸ்வேர்ட அடிச்சே எனக்கு விரல் தேஞ்சிது. அடிச்சப்புறம்தான் டிஸ்க்கத் தொறக்கணுமா, அழிக்கணுமான்னு கேக்கும். அதுவரைக்கும் ஒண்ணும் செய்யாது."

முத்துராஜ் எஃப் டுவெல்வை அமுக்கினான். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடின.

"ம், பாஸ்வேர்டச் சொல்லுலே," என்றான் மந்திரமூர்த்தி.

பென்னி மூச்சு வாங்கினான். "சொல்ல மாட்டேன். ஒரு பொம்பளப் புள்ளைக்குப் பயந்து கெடக்குத நீயெல்லாம் ரவுடியா?"

மந்திரமூர்த்திக்குக் கம்ப்யூட்டரும் தெரியாது, பொறுமையும் கிடையாது. அரிவாளைத் திருப்பிப் பிடித்து வாயில் ஓங்கி அடித்தான். பல் தெறித்தது.

"ஏலே முத்துராஜ், இவனப் பிடிலே!"

முத்துராஜ் எழுந்து வந்து பென்னியின் கைகளை முறுக்கினான். விலா, முழங்கால், முகம் என்று அடி இறங்கியது. பென்னி கத்தினானே தவிர, பாஸ்வேர்டைச் சொல்லவில்லை.

கடைசியில் அரிவாள் கழுத்துக்கு வந்தது. "ஒரே வெட்டுதான். சொல்லுதியா, இல்லையா?"

பென்னி வீங்கிய கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தான். முத்துராஜும் திரும்பினான். அவன் பிடி தளர்ந்தது.

"அண்ணாச்சி... இது பாஸ்வேர்டே கேக்காம ஓடிக்கிட்டிருக்கு!"

பென்னி ரத்தத்தைத் துப்பினான்.

"பாஸ்வேர்ட சர்வருக்குள்ளயே எழுதி வச்சிட்டேன்லே. இப்பல்லாம் கேக்காது... நேரா டிஸ்க்க அழிச்சிரும்."