இப்போ தெரியுதா?

"இப்போ தெரியுதா?"

"தெரியுது மச்சான், தெரியுது! ஏரித் தண்ணி அலையடிக்கிறதுகூட தெரியுது. அப்படியே உட்டுட்டு கீழ எறங்கு!"

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினான் ஜம்புலிங்கம். மொட்டை மாடியில் ஆன்டெனா குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த வேம்புலி இறங்குவதாக இல்லை.

மெட்ராஸுக்கு டி.வி. வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பட்டாபிராமில் அந்தத் தெருவுக்கே ஒரே டி.வி., லோகநாதன் வீட்டு டி.வி. வாசல்வரை கூட்டம். செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றிய செய்திப்படம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் கிராமிய இசை. ஜம்புலிங்கம் உடுக்கை அடித்துப் பாட, வேம்புலி பம்பை வாசித்த கச்சேரி. போன மாதம் இரண்டு பேரும் டி.வி. நிலையத்துக்குப் போய் வாசித்துவிட்டு வந்தது. ஒரே ஒரு தடவைதான் போடுவார்களாம்.

"காத்து அடிக்குது. ஆன்டெனா திரும்பிக்கும். நான் இங்கியே கீறேன்," என்றான் வேம்புலி.

"அட, வேற எவனாச்சும் ஏறட்டும்யா! உனக்குன்னு முன்னால சேர் போட்டு வச்சிகீறேன். உன் மாமனார திருநின்றவூர்லேந்து நானே போய் இட்டாந்துகீறேன். வந்து பக்கத்துல குந்து!"

வேம்புலிக்கு வயிறு எரிந்தது. மாமனாரை வேறு அழைத்து வந்துவிட்டானா! 'மேளம் தட்டுறவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டேன்' என்று பதினைந்து வருடமாகப் புலம்புகிற மனுஷன். அவர் கண்ணெதிரே ஜம்புலிங்கத்தின் முகம் மட்டும் அரை மணி நேரம் தெரியப்போகிறது. அந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்க்க முன்வரிசையில் நாற்காலி வேறு!

ஸ்டுடியோவில் நடந்ததை வேம்புலி யாரிடமும் சொல்லவில்லை, மனைவி ராஜம்மாவிடம்கூட. அங்கே இரண்டு கேமரா. ஜம்புலிங்கத்துக்கு எதிரே ஒன்று, இவனுக்கு எதிரே ஒன்று. இவன் எதிரே இருந்ததன் தலையில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சிவப்பு விளக்கு. இவனோ மிலிட்டரி சைடிங் கிளைப் பாதையில் ரயில்வே கேட் கீப்பர். சிவப்பு எரிந்தால் என்ன அர்த்தம் என்று இவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஜம்புலிங்கத்தின் கேமராவில் சிவப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கு லைன் கிளியர். இவனுக்கு நிறுத்தம்.

ஆடி மாதக் கூழ் ஊற்றுகிற இடத்திலும் இதே கதைதான். மாலை ஜம்புலிங்கத்துக்கு, வேர்வை வேம்புலிக்கு. பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான்.

அதிலும் போன வாரம் ஏதோ கையெழுத்துப் போடுவதற்காக ஜம்புலிங்கம் மட்டும் டி.வி. நிலையத்துக்குப் போய் வந்தான். அன்றிலிருந்து ஒரே இளிப்பு. "இன்னாடா?" என்றால், "வெள்ளிக்கெழம பாரு மச்சான்" என்பான். தெருவையே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத குறை.

"ஏரிப் படம் முடிஞ்சிச்சி! ஆரம்பிக்கப்போவுது! எறங்குடா வேம்புலி!"

வேம்புலி குழாயை இரண்டு கையாலும் பிடித்தான். மெட்ராஸ் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஆன்டெனாவை, மாமனார் ஊர்ப் பக்கமாக ஒரு திருப்பு திருப்பினான்.

கீழே ஒரே கூச்சல்.

"மச்சான்! படம் பூட்ச்சி! கோடு கோடா ஓடுது!"

"இப்போ தெரியுதா?"

"இல்ல!"

"இப்போ?"

"ஐயோ, இல்லடா! கொஞ்சம் ரைட்ல திருப்பு!"

வேம்புலி லெஃப்டில் திருப்பினான். கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே பம்பையும் உடுக்கையும் பாட்டும் மட்டும் கேட்டன. எவனோ ஏணியில் கால் வைத்த சத்தம் கேட்டதும், "ஏறாத, ஷாக் அடிக்குது!" என்று விரட்டினான்.

"கெஞ்சிக் கேக்குறேன் மச்சான், ஒரு நிமிசமாச்சும் காட்டிடு!" ஜம்புலிங்கத்தின் குரல் உடைந்தது.

"நான் இன்னா பண்றது? காத்து!"

ஒரு இலைகூட அசையவில்லை. வேம்புலிக்கு மனசு குளுகுளுவென்று இருந்தது.

அரை மணி நேரம் கழிந்தது. கச்சேரி முடிந்து கீழே நன்றி சொல்லும் குரல் கேட்டதும், ஆன்டெனாவைப் பழையபடி மெட்ராஸ் பக்கம் திருப்பிவிட்டு வேம்புலி நிதானமாக இறங்கினான். செய்தி வாசிப்பவரின் முகம் பளிச்சென்று தெரிந்தது. ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரயிலுக்குப் போனார்.

முன்வரிசைக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் ஜம்புலிங்கம் தரையில் குந்தியிருந்தான். கண் கலங்கியிருந்தது. வேம்புலி அவன் தோளில் கையை வைத்தான்.

"உடு மாமே. உன் மூஞ்சி டி.வி.ல தெரியலன்னா இன்னா? அதான் கொரலு கேட்டுச்சே."

"என் மூஞ்சியா?" ஜம்புலிங்கம் நிமிர்ந்தான். "அதுல என் மூஞ்சி எங்கடா கீது? போன வாரம் ஆபீசரு எனக்குப் போட்டுக் காமிச்சாரு. உன் கை வேகத்தப் பாத்துட்டு, கேமராவ உன்ன உட்டு நவுத்தவே இல்லியாம். மொத்தமும் நீதான்! உன் மாமனாரு கண்ணால பாக்கட்டும்னுதான் வாயத் தொறக்காம இட்டாந்தேன்."

வேம்புலியின் கை தோளிலிருந்து நழுவியது.

ஜம்புலிங்கம் மூக்கை உறிஞ்சினான். "செவப்பு லைட்டு எரியிற கேமராதான் படம் புடிக்குமாம் மச்சான். என் எதிர்ல இருந்தது கடைசிவரிக்கும் எரியவே இல்லியே, நீ பாக்கல?"