அரை நாள் வேலை

பொன்னாடை வாங்க எழுந்தவன் மேடையில் மண்டியிட்டான்.

சபை கைதட்டியது. மண்ணைத் தொட்டுக் கும்பிடப் போகிறான் என்று நினைத்துவிட்டார்கள். கனடாவின் ஸ்காபரோ மண்டபத்தில் மண்ணுக்கு எங்கே போவது? இருந்தது சிவப்புக் கம்பளம். அவனுடைய நாற்காலியிலிருந்து, பொன்னாடையோடு நின்ற பிரமுகர் வரை. பன்னிரண்டு மீற்றர்.

அவன் கும்பிடவில்லை.

சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தான். கம்பளத்தில் சாய்வாகக் குத்தினான். இரண்டு விரற்கடை தள்ளி இன்னொரு குத்து. இன்னும் இரண்டு விரற்கடை.

சங்கத் தலைவர் குலவீரசிங்கம் அப்போதுதான் வாழ்த்துப்பாவை வாசித்து முடித்திருந்தார். கண்ணாடிச் சட்டம் போட்டது. 'வன்னி ஈன்ற வீரக் களிறே, கந்தகார் கண்ட கதிரவனே.' களிறு பிறந்தது கொழும்பு வெள்ளவத்தையில். வன்னியை அது வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறது.

அது போகட்டும். பந்திக்கு உப்பு, பாராட்டுக்குப் பொய்.

அடுத்த வரிதான்.

'அரை நாள் வேலையை இரண்டே மணி நேரத்தில் முடித்து, சிறியதோர் இழப்புடன் கண்ணிவெடி அகற்றிப் பாதை திறந்த கனடியப் பொறியியல் படைவீரனே.'

பிரமுகருக்காக அதையே ஆங்கிலத்திலும் வாசித்தார். ஆகவே மூன்றாம் வரிசைக்கும் விளங்கிவிட்டது.

மூன்றாம் வரிசையில் திருமதி ஹைன்ஸ் இருந்தார். நியூஃபவுண்ட்லாந்திலிருந்து விமானம் ஏறி வந்தவர்.

அந்தச் சிறியதோர் இழப்பைப் பெற்றவர்.

அவருடைய மகன் டாரிலின் பெயரை முதலில் வாசிப்போம், தாயை முன்வரிசையில் இருத்துவோம் என்று சொன்னதால்தான் அவன் இந்த மேடைக்கே சம்மதித்தான். முன்வரிசையைக் கோயில் தர்மகர்த்தாக்களும் வீடு விற்கும் முகவர்களும் பிடித்துக்கொண்டார்கள். பெயரைப் பற்றிக் கேட்டபோது குலவீரசிங்கம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"நேரம் காணாது தம்பி. ஐயா ஒரு மணிக்கு வெளிக்கிட வேணுமாம்."

நேரம் காணாது.

அன்றும் இதே சொல்தான். படைத் தொடர்பு வானொலியில், வேறு மொழியில். சாலைக்குக் கீழே நீர் போகும் புது மதகு. கந்தகாரில் வெடி புதைக்க அதைவிட வசதியான இடம் கிடையாது. அரை நாள் வேண்டும் என்று அவன் கேட்டான். ஒட்டாவாவிலிருந்து பிரமுகர் வருகிறார், பதினொரு மணிக்கு மதகைத் திறந்துவைக்கிறார், இரண்டு மணி நேரம் தரலாம் என்றது வானொலி.

முன்னால் மண்டியிட்டு, மண்ணைக் குத்திக் குத்தி வெடி தேடுபவனை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கண் களைக்கும். கை பழகிவிடும். பழகிய கைதான் கொல்லும்.

கடைசி மாற்றம் அவனுடைய முறை.

டாரில் மணி பார்த்தான். ஆள் மாறினால் ஐந்து நிமிடம் வீண், இன்னும் நாலடிதானே, நானே முடித்துவிடுகிறேன் என்றான்.

அவன் சரி என்றான்.

அவ்வளவுதான் சொன்னான்.

பிரமுகர் பதினொன்றரைக்கு வந்திறங்கினார். வெடித்த மதகுக்குப் பதிலாக அவருக்கு வேறொரு மதகு காட்டப்பட்டது. படம் நன்றாக வந்தது.

அந்தப் படம்தான் இப்போது மேடைக்குப் பின்னால் ஆளுயரத்தில் தொங்குகிறது. அதன் கீழே அதே சிரிப்பு, நேரில்.

குத்து. இரண்டு விரற்கடை. குத்து.

இரண்டு மீற்றர் முடிந்தது. கைதட்டல் எப்போதோ செத்துவிட்டது. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் மட்டும் நிலைமை தெரியாமல் முழங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஓடிப்போய் அதன் கழுத்தை நெரித்தார்கள்.

குலவீரசிங்கம் அவன் காதருகே குனிந்தார். கையில் ஒலிவாங்கி இருப்பதை மறந்துவிட்டார்.

"என்ன தம்பி விளையாட்டு இது? சனம் பாக்குது. எழும்பும்."

அவன் தலை நிமிரவில்லை.

"அரை நாள் வேணும். இருங்கோ."

மண்டபம் முழுக்கக் கேட்டது.

மூன்றாம் வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

திருமதி ஹைன்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விடுமுறையில் வந்த மகன் ஒருமுறை சமையலறைத் தரையில் மண்டியிட்டு, கரண்டிக் காம்பால் இதையேதான் செய்து காட்டினான். பின்னால் வருபவன் எங்கே கால் வைக்க வேண்டும் என்பதையும்.

மேடைப் படியில் சப்பாத்தைக் கழற்றி வைத்தார். கம்பளத்தில் ஏறினார். அவனுடைய முழங்கால் அமுக்கிவிட்டுப் போன பள்ளங்களில் மட்டும் பாதத்தை வைத்து வந்தார். அவன் முடித்த இடம் வரை. அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட இல்லை.

நின்றார்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஆள் நிற்பது முதுகுக்குத் தெரியும். பேனை இன்னும் மெதுவாக நகர்ந்தது.

பிரமுகர் சிரிப்பைக் கழற்றவில்லை. எத்தனை சபை பார்த்தவர். இப்படிப்பட்ட சங்கடங்களைத் தாமே முன்வந்து தீர்த்துவைக்கத் தெரிந்தவர். பொன்னாடையை இரண்டு கைகளிலும் அகல விரித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார்.

கீழே பார்த்தார்.

கம்பளம். பத்து மீற்றர். இன்னும் யாரும் குத்திப் பார்க்காதது.

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது.