சரியல்லாதது எது?

"ஏன்டி, 'சரியல்லாதது எது'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். நீ சரியானதத் தேடிப் பிடிச்சு டிக் அடிச்சு வச்சிருக்க!"

அஃப்ரீன் தலையில் அடித்துக்கொண்டாள். ஈஸ்வரி நகத்தைக் கடித்தாள். தஞ்சாவூர் ஹாஸ்டலில் இருவரும் ஒரே அறை. ஈஸ்வரிக்கு நீட் இது இரண்டாவது முறை. போன வருடம் டாக்டர் சீட் கைநழுவியதே இந்த 'அல்ல', 'இல்லை' கேள்விகளால்தான். பாடமெல்லாம் தலைகீழாகத் தெரியும். கேள்வியைப் படிக்கத்தான் தெரியாது, மகராசிக்கு!

"'இல்லை'ங்கிற வார்த்தை மட்டும் உன் கண்ணுக்கு எப்படித்தான் தப்புதோ?"

"தெரியலடி. இந்தத் தடவையும் கோட்டை விட்டா அவ்வளவுதான். இன்னொரு வருஷம் படிக்க வைக்க எங்கப்பாவால முடியாது."

"அப்ப நான் சொல்றதக் கேளு. 'இல்லை'ய பாத்தா வட்டம் போடு. கண்ணுல படலேன்னா எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடு. அப்புறம்தான் விடை."

வட்டம் போட்டே பேனா தீர்ந்தது. அடுத்த மாதிரித் தேர்வில் அந்த வகைக் கேள்வி ஒன்றுகூடத் தப்பவில்லை. அஃப்ரீன் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"ட்ரீட் வேணும்டி! எங்க வயல் அரிசி, எங்க வயல் அரிசின்னு பீத்திக்கிறியே, அத அனுப்பச் சொல்லு. மெஸ் சோறு தொண்டையில இறங்கல."

"அதுக்கென்ன, கேட்டாப் போச்சு. அறுப்பு நேரத்துல மழை அடிச்சப்பவே, 'அரிசி நிறைஞ்சிருக்கு, நீ படி'ன்னுச்சு அம்மா. எப்பக் கேட்டாலும் அதேதான்."

நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமத்திலிருந்த அம்மா ராஜாத்திக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். மார்க்கைக் கேட்டதும் ராஜாத்தி, "எஞ்சாமி!" என்று மட்டும் சொன்னாள்.

"அம்மா, நம்ம அரிசி கொஞ்சம் பஸ்ல குடுத்து விடேன். அஃப்ரீன் ஆசைப்படுறா."



"அரிசியா... அரிசிதான் நிறைஞ்சிருக்கே தங்கம். நீ கவலப்படாம படி." போனை வைத்துவிட்டாள்.

"நிறைஞ்சிருக்காம், ஆனா அனுப்ப மாட்டாங்களாம். சரியான கஞ்சம்டி உங்கம்மா!" அஃப்ரீன் சிரித்தாள்.

ஈஸ்வரி சிரிக்கவில்லை. முகம் வெளிறிப்போய் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, என்னடி ஆச்சு?"

"எங்க வீட்டுல 'இல்ல'ன்னு சொன்னா லட்சுமி போயிடுவான்னு, அந்த வார்த்தையச் சொல்லவே மாட்டாங்கடி. பானை காலியாயிட்டா, 'அரிசி நிறைஞ்சிருக்கு'ன்னுதான் சொல்லுவாங்க."